கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடி நூலகத்துக்குப் போகலாமா?

கேட்டவர் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். கொள்ளுத்தாத்தா 1920-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார். பெயர் ராமசாமி. ஊர் "நன்னிலம் பக்கம்" என்று பாட்டி சொன்னதாக ஞாபகம். இப்போது இரண்டு வாரம் தமிழ்நாட்டுக்கு வருகிறார். "வெளிநாடுகளில் உள்ளூர் நூலகத்துக்குப் போனாலே குடும்ப வரலாறு கிடைத்துவிடுகிறது என்கிறார்கள். தமிழ்நாட்டில் என்ன கிடைக்கும், எங்கே தொடங்குவது?" என்பது கேள்வி.

கிடைக்கும். ஆனால் எதை எதிர்பார்த்து வருகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒருவர் ஊர் நூலகத்துக் கணினியில் கொள்ளுத்தாத்தா பெயரைத் தட்டினால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளே திரையில் வந்து நிற்கும். வீட்டில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு என்ன வயது, என்ன தொழில் எல்லாம் அதில் இருக்கும். 1921 கணக்கெடுப்பு வரைக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். நம்மிடமும் 1881-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை தலை எண்ணினார்கள். வெளியே வந்தது கூட்டுத்தொகை மட்டும்தான். வீடுவாரியான தாள்கள் நம் பார்வைக்கு வந்ததில்லை. பிறப்பு, இறப்புப் பதிவும் 1969 சட்டத்துக்குப் பிறகுதான் நாடு முழுக்க ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஞானஸ்நானப் பதிவேடு வைத்திருக்கும் தேவாலயத்தைச் சேர்ந்த குடும்பம் என்றால் வேறு கதை. மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

அதனால் நூலகத்தில் போய் ராமசாமியைத் தேடாதீர்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் ராமசாமிக்குப் பஞ்சமே கிடையாது. ஊரைத் தேடுங்கள். ஊர் சரியாகக் கிடைத்துவிட்டால் ராமசாமியை அந்த ஊர்க்காரர்களே கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவார்கள். என் குடும்பத்து விஷயத்தில் இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போன நம்மாட்களின் பிள்ளைகளைக் கேட்டால் பாதிப் பேர் "எங்க ஊர் நாகப்பட்டினம்" என்பார்கள். அது ஊர் இல்லை, துறைமுகம். திருச்சி பக்கத்திலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள்கூட அங்கேதான் கப்பல் ஏறினார்கள். அங்கே ஏறியது மட்டும் பிள்ளைகளுக்கு நினைவில் நின்றுவிட்டது. உங்கள் பாட்டி "நன்னிலம் பக்கம்" என்று ஒரு தாலுக்கா பெயரைச் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் "பக்கம்" என்ற சொல்லையும் மறந்துவிடாதீர்கள். அந்தக் காலத்து நன்னிலம் தாலுக்கா இன்றைக்கு இருப்பதைவிடப் பெரியது, குடவாசல் பகுதியும் அதற்குள்தான் இருந்தது. எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் மாவட்டம் பிரிந்தது, நன்னிலம் இப்போது திருவாரூரில் இருக்கிறது. பழைய புத்தகம் எதைத் தொட்டாலும் தஞ்சாவூர் என்ற தலைப்பின் கீழேதான் தேட வேண்டும்.

விமானம் ஏறுவதற்கு முன்னால் ஈப்போவிலேயே முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் கேளுங்கள். "தாத்தா ஊர் எது?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "குலதெய்வம் எது, கோயில் எங்கே இருந்ததாம்?" என்று கேட்டால் ஏதாவது வரும். ஊர்ப் பெயர் மறந்த குடும்பங்கள்கூடக் குலதெய்வத்தை மறப்பதில்லை. வீரனார், பெரியாச்சி, பிடாரி என்று சாமி பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஊருக்கு ஒன்று இருக்கும். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் துண்டுச் செய்திதான் முக்கியம். ஆற்றங்கரையா, எந்த ஆறு, பக்கத்தில் ரயில் போகுமா, சந்தை எந்தக் கிழமை. இதையெல்லாம் அப்படியே எழுதி வையுங்கள், அபத்தமாகத் தோன்றினாலும் சரி.

அடுத்தது பெயர். நம் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், பேரன் என்ற சொல்லே பெயரன்தான். ராமசாமியின் மூத்த மகன் பெயர் என்ன என்று பாருங்கள். அது ராமசாமியின் அப்பா பெயராக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. "கோவிந்தன் மகன் ராமசாமி" என்று இரண்டு பெயர் சேர்ந்துவிட்டால் தேடல் சட்டென்று சுருங்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் அடையாளம். பழைய பத்திரம், ரசீது எதை எடுத்தாலும் "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்றுதான் தொடங்கும். பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கும். பிடிக்கிறதோ இல்லையோ, அந்தக் காலத்து ஆவணத்தில் அது இல்லாமல் ஒரு வரி கிடையாது. தேடுகிறவர் அதைத் தெரிந்து வைத்திருந்தால் பொய்யான ராமசாமிகள் உதிர்ந்துபோவார்கள்.

அப்புறம் காலம். வீட்டில் யாரும் 1925 என்று சொல்லமாட்டார்கள், "குரோதன வருஷம் போனார்" என்பார்கள். குரோதன என்றால் 1925-26. குரோதி என்றால் 1904-05. காதில் ஒரே மாதிரி விழும், நடுவே 21 வருஷம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிலக் கணக்கில் பசலி ஆண்டு எழுதியிருந்தால் 590-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1335 என்பது 1925 ஜூலையில் தொடங்கி 1926 ஜூனில் முடியும். ஆண்டே தெரியாத வீட்டில் சம்பவத்தைக் கேளுங்கள். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876-78. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22. "எம்டன் வந்தப்போ தாத்தா கைக்குழந்தை" என்று ஒரு வாக்கியம் கிடைத்தால் பிறந்த வருஷம் கைக்கு வந்துவிட்டது.

உங்களுக்கு வீட்டிலிருந்தே திறக்கக்கூடிய ஒரு நூலகம் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிப்யூன் மட்டுமல்ல, 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உண்டு. ஆங்கிலப் பத்திரிகையில் தேடும்போது ராமசாமிக்குக் கடைசியில் ஒய் போட்டும் ஐ போட்டும் நடுவில் டபிள்யூ சேர்த்தும் தேடுங்கள். பெரிய நம்பிக்கை வேண்டாம். தோட்டத் தொழிலாளி விபத்தில் செத்தால்கூட "ஒரு தமிழர்" என்று எழுதிவிட்டுப் போன பத்திரிகைகள் அவை. தமிழ் முரசில் வேறு மாதிரி. கோயிலுக்கு, பள்ளிக்கு, சங்கத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பெயரோடு தோட்டத்தின் பெயரையும் போடுவார்கள். பட்டியல் என்றால் எனக்கு உயிர், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் கப்பல் பட்டியலை வைத்தே தங்கள் கிராமத்தைக் கண்டுபிடித்த கதைகளை நீங்கள் படித்திருக்கலாம். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் ஆள்வாரியாகப் பதிவு இருக்கிறது. தகப்பன் பெயர், கிராமம், தாலுக்கா எல்லாம் உண்டு. பிஜிக்குப் போனவர்களுக்கும் தனித்தனிச் சீட்டு இருக்கிறது. மலாயாவுக்கு ஒப்பந்த முறை 1910-இலேயே நின்றுவிட்டது. உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் கங்காணி முறைதான். தோட்டத்து ஆள் ஒருவரே ஊருக்கு வந்து சொந்தக்காரன், பக்கத்துத் தெருக்காரன் என்று கூட்டிக்கொண்டு போவார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம் போட்டு அனுப்பினார்கள். நேட்டாலுக்கு இருப்பது போல ஆள்வாரியாகத் திறந்து பார்க்கும் பட்டியல் ஒன்றை எதிர்பார்த்து வராதீர்கள். ஆனால் கங்காணி முறையில் ஒரு நன்மை இருக்கிறது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தோட்டத்துக்குப் போனார்கள். உங்கள் தாத்தா இருந்த தோட்டத்தில் வேறு யார் குடும்பங்கள் இருந்தன, அவர்களுக்கு ஊர் தெரியுமா என்று ஈப்போவில் விசாரியுங்கள். அவர்கள் ஊர்தான் உங்கள் ஊராக இருக்கும், அல்லது அடுத்த ஊராக இருக்கும்.

சரி, இங்கே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லோரும் நேராகச் சென்னைக்கோ தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்துக்கோ போகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சரசுவதி மகால் பெரிய பொக்கிஷம், மறுப்பில்லை. ஆனால் அங்கே இருப்பவை ஓலைச்சுவடி, காகிதச்சுவடி, மராட்டிய அரண்மனையின் மோடி எழுத்து (மராத்தியை எழுதிய பழைய எழுத்துமுறை) ஆவணங்கள். உங்கள் முன்னோர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்திருந்தால் போகலாம். இல்லையென்றால் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

முதலில் போக வேண்டியது நன்னிலம், குடவாசல், பேரளம், பூந்தோட்டம் என்று அந்த வட்டாரத்துக் கிளை நூலகங்கள். என்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்கலாம். இந்த நூலகங்களில் என்ன பழசு இருக்கப்போகிறது? நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல். சொத்து வரியோடு நூலக வரி வாங்கி ஊரூராக நூலகம் திறந்ததெல்லாம் அதற்குப் பிறகு. உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறிய நாளில் அந்த நூலகமே கிடையாது. 1920-களின் ஆவணம் எதுவும் அங்கே இருக்காது. பழைய நாளிதழ்களையும் வைத்திருக்க மாட்டார்கள், இடம் இல்லாமல் எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

இருப்பது மலர்கள்.

கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி வெள்ளிவிழா மலர், நகராட்சி நூற்றாண்டு மலர், கூட்டுறவு வங்கிப் பொன்விழா மலர். விழாவுக்கு அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து, மீந்ததில் இரண்டை ஊர் நூலகத்தில் கொண்டுபோய்ப் போட்டிருப்பார்கள். இவை விற்பனைக்கு வந்த புத்தகங்கள் இல்லை. இந்தியாவில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றையும் சென்னை கன்னிமாரா நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-லிருந்து சட்டம் இருக்கிறது. குடவாசல் பக்கத்து அச்சகக்காரர் கும்பாபிஷேக மலரை எங்கே கன்னிமாராவுக்கு அனுப்பப்போகிறார்? அதனால்தான் இவை உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் அந்த ஊர் நூலகத்து அலமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன.

என் கதையைச் சொல்கிறேன். என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ரங்கூனுக்குப் போனார், திரும்பவே இல்லை, 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்து வந்த கூட்டத்தில் வழியில் செத்திருப்பார் என்று வீட்டில் ஒரு கதை. எங்கள் வீட்டில் அவருக்கு ஆடி அமாவாசைக்குத் தண்ணீர்கூட விட்டார்கள். நான் மூன்று வருஷம் பர்மா அகதிகள் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். ஒருநாள் டெல்டாவில் ஒரு கிளை நூலகத்தில் மழைக்கு ஒதுங்கியபோது, நூலகர் "இதெல்லாம் யாரும் எடுக்கிறதில்லை சார், பார்க்கிறதுன்னா பாருங்க" என்று ஒரு கட்டை இழுத்துப் போட்டார். மேலே இருந்தது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வெள்ளிவிழா மலர். அட்டை இல்லை. முதல் பக்கங்களில் பெரிய மனிதர்களின் வாழ்த்துரை, நடுவே தலைமையாசிரியர்களின் முட்டை வடிவப் புகைப்படங்கள், கடைசியில் அரிசி மண்டி, ஜவுளிக்கடை, சைக்கிள் கம்பெனி விளம்பரம். விளம்பரத்துக்கு முன்னால் ஆறு பக்கத்துக்குப் பொடி எழுத்தில் "கட்டட நிதி உதவியோர்" பட்டியல். மேலே நூறு ரூபாய்க்காரர்கள், அப்புறம் ஐம்பது, அப்புறம் இருபத்தைந்து. இருபத்தைந்தில் பாதி இறங்கியதும் எங்கள் தாத்தாவின் அண்ணன் பெயர், தகப்பனார் இனிஷியலோடு. பக்கத்தில் ஒரு கோடு போட்டு "கிள்ளான்".

மலர் வந்த வருஷம் 1956. 1942-இல் செத்துப்போன மனிதர் 1956-இல் மலாயாவின் கிள்ளானிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இருபத்தைந்து ரூபாய் அனுப்பியிருக்கிறார். ரங்கூன் கதை எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டோடு என்ன மனத்தாங்கலோ, வீட்டுக்கு எழுதாதவர் பள்ளிக்கூடத்துக்கு எழுதியிருக்கிறார்.

அதனால்தான் பட்டியல் என்றால் எனக்கு உயிர் என்றேன். அக்கரை போனவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பினார்கள், ஊர் அவர்கள் பெயரை அச்சடித்தது. பெயருக்குப் பக்கத்தில் பினாங்கு, கிள்ளான், ஈப்போ, தைப்பிங், ரங்கூன், கொழும்பு என்று போட்டிருக்கும். நன்னிலம் வட்டாரத்து மலர்களில் நீங்கள் தேட வேண்டியது இந்த இடப்பெயர்களைத்தான். ஒரு கிராமத்து மலரில் ஈப்போக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தால் அந்த ஊரிலிருந்து ஈப்போவுக்கு ஒரு கங்காணி ஆள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்று ஊகிக்கலாம். தோட்டத்துக் கூலிக்காரர் இருபத்தைந்து ரூபாய் கொடுத்திருப்பாரா என்றால், பலருக்கு முடியாதுதான். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ப் பட்டியலையும் பொறுமையாகப் படியுங்கள். அதுதான் நீளமானது.

நூலகரிடம் "குடும்ப வரலாறு தேடுகிறேன்" என்று சொன்னால் விழிப்பார். "இந்த ஊர் மலர்கள், ஊர் வரலாறு, உள்ளூர் எழுத்தாளர்கள் எழுதினது ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். கணினியிலோ பதிவேட்டிலோ சரியாக ஏறியிருக்காது. அடித்தட்டு, மாடிப்படி அடியில் இருக்கும் பீரோ, நூலகரின் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் கட்டு, இந்த மூன்றையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஒரு நூலகத்தில் நான் இரண்டாவது முறை போனபோது முதல் முறை பார்த்த கட்டு இல்லை. வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அங்கேயே நின்று செல்போனில் படம் எடுத்துவிடுகிறேன். கேட்டுவிட்டு எடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இன்னொன்று. நூலகம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். செய்தித்தாள் மேஜையைச் சுற்றி எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், கர்ணமாக இருந்தவரின் மகன், போஸ்ட்மேன். அவர்கள் பேப்பர் படித்து முடிக்கும் வரை காத்திருந்து டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சைத் தொடங்குங்கள். "மலேயாவுல இருந்து வந்திருக்கேங்க ஐயா" என்று சொன்னால் போதும். "மலேயாக்காரர் வீடு" என்று ஊருக்கு ஒரு வீடாவது இருக்கும். எனக்கு ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர் அரை மணி நேரத்தில் நாலு வீட்டை விரல்விட்டுச் சொன்னார், எந்த வீட்டுக்கு எந்த ஊர் ஸ்டாம்ப் ஒட்டி ஏர்மெயில் வந்தது என்பது உட்பட. எந்த அட்டவணையிலும் இது இருக்காது.

ஒப்பிட்டுப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று தோன்றும். அங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுவது வழக்கம், கல்வெட்டு என்றே அதற்குப் பெயர். பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், மணம் செய்த ஊர், பிள்ளைகள், சிலவற்றில் நாலு தலைமுறை வம்சாவளி. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. கல்வெட்டுகள் வீடு வீடாகச் சிதறிக் கிடந்ததால் பல தப்பின, இப்போது நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஏராளமானவற்றைப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தாய்வழியில் யாராவது யாழ்ப்பாணம் என்றால் இன்றைக்கே தேடிப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அந்த வழக்கம் இல்லை. நம்மிடம் இருப்பது மொய் நோட்டு. எந்தக் கல்யாணத்துக்கு எந்த ஊரிலிருந்து யார் வந்து எவ்வளவு எழுதினார்கள் என்று அதில் இருக்கும். அதைவிட நல்ல சொந்தக்காரர் பட்டியல் இல்லை, ஆனால் அது நூலகத்துக்கு வராது, பரணில் கிடக்கும்.

கிளை நூலகங்களுக்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள். ஓரிரண்டு கிராமப் பெயர் கையில் வந்தபிறகு பெரிய நூலகங்களுக்குப் போகலாம்.

திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. அங்கே குறிப்புதவிப் பகுதியில் மாவட்ட விவரச்சுவடிகளும் மக்கள்தொகைக் கையேடுகளும் கேளுங்கள். 1951, 1961 கணக்கெடுப்புக்கான மாவட்டக் கையேட்டில் தாலுக்கா வாரியாக ஒவ்வொரு கிராமத்தின் பெயரும் ஆள் எண்ணிக்கையும் இருக்கும். பாட்டி வாயில் சிதைந்துபோன பெயரை அந்தப் பட்டியலில் விரல் வைத்து வரிசையாக வாய்விட்டுப் படித்தால் எங்கேயாவது ஓசை பொருந்தும். நல்லூர், மாங்குடி போன்ற பெயர் வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள், தாலுக்காவுக்கு இரண்டு இருக்கும்.

சென்னையில் கன்னிமாரா. 1896-இல் திறந்தது, எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. 1883-இல் வெங்கசாமி ராவ் எழுதிய தஞ்சாவூர் மேனுவல், 1906-இல் ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூர் கெசட்டியர் இரண்டையும் அங்கே கேளுங்கள். உங்கள் குடும்பப் பெயர் அவற்றில் இருக்காது. எந்த வாய்க்கால் எந்த ஊருக்குப் பாய்ந்தது, எந்தத் தாலுக்காவில் நிலம் யார் கையில் இருந்தது, கூலிக்காரர்கள் ஏன் கப்பலேறினார்கள் என்பதற்கெல்லாம் இவை வேண்டும். பழைய ஊர்ப் பெயர் எழுத்துக்கூட்டலுக்குத் தயாராக இருங்கள், சீர்காழி ஷியாலியாகவும் மயிலாடுதுறை மாயவரமாகவும் இருக்கும். தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதியாக வெளியிட்ட சாதிகள் பற்றிய நூலையும் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். சுவாரசியமாக இருக்கும், ஆனால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கேட்டு எழுதிக்கொண்ட கதைகளை உங்கள் குடும்பக் கதை என்று கொண்டுபோய்விடாதீர்கள்.

பக்கத்திலேயே, எழும்பூர் ரயில் நிலையத்தை ஒட்டித் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே நூலகம் போல நேராக நுழைய முடியாது, எதற்காகப் பார்க்க வேண்டும் என்று விண்ணப்பம், அடையாளச் சான்று எல்லாம் வேண்டும். வருவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். இரண்டு வாரப் பயணத்தில் அதற்கு இடம் இல்லை என்பது என் எண்ணம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகம், இதழ், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் எல்லாம் அதன் அடித்தளம். நகரத்தார் குடும்பமாக இருந்தால் நான் முதலில் அங்கேதான் அனுப்பியிருப்பேன். வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் இருக்கிறது, பழைய நூல்களும் இதழ்களும் இலவசம்.

ஊர் உறுதியானபிறகு நூலகத்துக்கு வேலை இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அ-பதிவேடு என்ற நிலப் பதிவேடு, சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பத்திரம், கோயில் சுவரில் உபயதாரர் கல், வாக்காளர் பட்டியல் என்று அடுத்த கட்டம் தொடங்கும். 2025-இல் தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 வாக்காளர் பட்டியல்களை இணையத்தில் போட்டிருந்தார்கள். தகப்பன் பெயர், வீட்டு எண்ணோடு ஊரே வரிசையாக நிற்கும். கோவிந்தன், ராமசாமி என்று தலைமுறை மாற்றி வரும் வீடு எது என்று அதில் கண்ணுக்குத் தட்டுப்படலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். மலேயாவிலிருந்து திடீரென்று பேரன் வந்து "தாத்தா நிலம் எது?" என்று கேட்டால் ஊரில் கதவு சாத்திவிடுவார்கள். பங்கு கேட்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்தின் பெயர், குலதெய்வம், ராமசாமியின் மூத்த மகன் பெயர், இந்த மூன்றும் கிடைத்தால் எழுதுங்கள், எந்த நூலகத்தில் தொடங்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன். பயணத் தேதி போடும்போது வெள்ளிக்கிழமையைக் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல கிளை நூலகங்களுக்கு அன்றைக்குத்தான் வார விடுமுறை.